பினாங்குக்குப் போகிற குடும்பம்

ஆரியசாலை, திருவனந்தபுரம்
கொல்லம் ஆண்டு 1111 மாசி 12

என் செல்ல மகன் குற்றாலலிங்கத்துக்கு அப்பா பூதலிங்கம் எழுதுவது. பத்மநாபசுவாமி புண்ணியத்தில் இங்கே எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் கடலுக்கு அந்தப் பக்கம் பினாங்கில் காய்ச்சல் இருமல் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டே இதைத் தொடங்குகிறேன். எழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே மக்களே, இது நானே எழுதுவது. இதுவரை உனக்கு வந்த கடிதங்களையெல்லாம் கடைக் கணக்குப்பிள்ளை எழுதினார். நான் மூச்சுவிடாமல் என் மனசில் உள்ளதைச் சொன்னாலும் அவர் “இவ்விடம் யாவரும் க்ஷேமம்” என்று ஒரே வரியில் முடித்து ஒட்டிவிடுவார். போன ஆடியிலிருந்து உன் பெண்டாட்டி உலகம்மை சாயங்காலந்தோறும் எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறாள். உனக்குச் சொல்ல வேண்டாம் என்று நான்தான் அவளைத் தடுத்து வைத்திருந்தேன். கடையில் மிளகு மூட்டைகளின் மேல் மையால் எழுதியிருக்கும் ஊர்ப் பெயர்களை இப்போது நானே வாசிக்கிறேன். இத்தனை வருஷம் நான் தராசில் ஏற்றி இறக்கிய சரக்கெல்லாம் எந்த ஊருக்குப் போயிற்று என்று இந்த வயதில்தான் எனக்குத் தெரிகிறது, அந்தச் சந்தோஷத்தை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன். ஒரு வரி எழுதக் கொஞ்ச நேரம் பிடிக்கிறது, கை வலித்தால் வைத்துவிட்டு மறுநாள் எழுதுகிறேன். ஆனால் நான் இப்போது எழுத வந்தது அந்தச் சந்தோஷத்தை அல்ல. இங்கே நடந்ததில் எனக்கு உண்டான திகைப்பு இன்னும் தீரவில்லை.

நீ புறப்படும்போது உன் இலாகாவில் சொன்னார்களே, வெளிநாட்டில் ஒரு வருஷம் வேலை பார்த்து முடித்தவனுடைய குடும்பத்தைச் சர்க்கார் செலவிலேயே கப்பலேற்றி அனுப்புவோம் என்று, அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் உலகம்மை இந்த வருஷத்தைத் தள்ளினாள். பொங்கல் கழிந்ததும் உனக்கு வேண்டிய வடகம், சுக்கு, மிளகுப்பொடி எல்லாம் தயார் செய்து டின்னில் அடைத்து வைத்தாள். குழந்தை பகவதி தொட்டிலில் கிடந்தபோது நீ பார்த்தது, இப்போது வீடு முழுக்க ஓடுகிறாள். யாராவது சட்டை போட்டுக்கொண்டு தெருவில் போனால் அப்பா என்று கூப்பிடுகிறாள், அதைக் கேட்கும்போதெல்லாம் உலகம்மை அடுப்படிக்குள் போய்விடுவாள். இப்படி நாங்கள் சர்க்கார் உத்தரவுக்குக் காத்திருக்கும்போது, போன வெள்ளிக்கிழமை மத்தியானம் வாசலில் வில்வண்டி வந்து நின்றது. இறங்கியது வடசேரியில் கட்டிக்கொடுத்த உன் அக்கா முத்தாரம்மாள். இடுப்பில் கைக்குழந்தை, பின்னாலே தகரப் பெட்டி, படுக்கைச் சுருள், ஊறுகாய்ச் சாடி, வாழைக்காய் உப்பேரி, கூடை கூடையாக இறங்கிக்கொண்டே இருந்தது. என்ன மக்களே, சொல்லாமல் கொள்ளாமல் என்றேன். அவள் வண்டிக்காரனை அனுப்பிவிட்டுச் சிரித்துக்கொண்டே, “அப்பா, தம்பி என்னைப் பினாங்குக்குக் கூப்பிட்டிருக்கான், சர்க்காரு உத்தரவு வடசேரிக்கு வந்தாச்சு, ஊர் அதிகாரி பார்வத்தியகாரரே வீட்டுக்கு வந்து வாசிச்சுச் சொல்லிட்டுப் போனாரு” என்றாள். எனக்குக் காதில் விழுந்தது மண்டைக்குள் போகவில்லை. உன் புருஷன் என்ன சொன்னார் என்று கேட்டேன். “சர்க்காரு உத்தரவை நாம மறுக்கப்பிடாதுன்னு அவரே பெட்டி கெட்டித் தந்தாருப்பா” என்றாள். மாப்பிள்ளை இவ்வளவு ராஜவிசுவாசம் உள்ளவர் என்று எனக்கு இதுவரை தெரியாது.

வடசேரித் தெரு முழுக்கத் திரண்டு வந்து அவளை வழியனுப்பியிருக்கிறது. உலகம்மை நடையில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். முகத்தில் ரத்தமே இல்லை. ஆனாலும் காப்பி போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டு, “கப்பல்ல ராத்திரி நல்லாக் குளிருமாமே மைனி, கம்பளி கொண்டாந்தீங்களா, இல்லேன்னா நான் எனக்குன்னு வாங்கி வச்சது இருக்கு, எடுத்துக்கிடுங்க” என்றாள். முத்தாரம்மாளுக்கு அப்போதுதான் ஏதோ உறைத்தது. “நீயும்தானே வாறே?” என்றாள். உலகம்மை கையை நீட்டினாள். உத்தரவுக் காகிதத்தை அவளே வாங்கிப் படித்தாள். குற்றாலலிங்கம் பிள்ளையின் குடும்பத்தார் என்று உன் சகோதரிக்கும் அவள் பிள்ளைக்கும் டிக்கெட், மேற்பார்வைக்கு உன் மாமா நயினார் பிள்ளை, அவ்வளவுதான். உன் பெண்டாட்டி, உன் பெண், நான், ஒருவர் பெயரும் இல்லை. நீ எங்களைத் தலைமுழுகிவிட்டாயோ என்று ஒரு கணம் எனக்கே தோன்றியது, அதற்கு என்னை மன்னித்துக்கொள்.

மறுநாளே நான் உன் ஆபீஸுக்குப் போனேன். உன் மேஜையில் இப்போது சேஷன் உட்கார்ந்திருக்கிறார். நீ வருகிற வரைக்கும் உன் இடத்தில் ஆக்டிங் பார்ப்பவர், கோட்டைக்குள் அக்கிரகாரத்துப் பையன். என்னைக் கண்டதும் எழுந்து நின்று, “லிங்கம் சௌக்கியமா இருக்கானோல்லியோ, அங்கே தேகத்துக்கு ஒத்துண்டிருக்கோல்லியோ, இன்னும் ரெண்டு வருஷம் இருந்தாலும் ஒண்ணும் ஆயிடாதே” என்று விசாரித்தார். நீ அங்கே சுகமாக இருந்து நாளைக் கடத்தினால்தான் அவருக்கு இந்த நாற்காலி நிலைக்கும், அதனால் உன் ஆரோக்கியத்தில் அவருக்கு இருக்கிற அக்கறை எனக்குக்கூட இல்லை. சங்கதியைக் கேட்டதும் அவர் முகம் விழுந்துவிட்டது. “ஆம்படையாள் வராட்டா அவன் திரும்பி வந்துடுவனே, பிள்ளைவாள்” என்று என்னைவிட அதிகமாக ஆடிப்போனார். அவரே என்னை சூப்பிரண்டு வேலாயுதன் பிள்ளையிடம் அழைத்துப் போனார். ஆட்களை எந்த ஊருக்கு அனுப்புவது, போனவன் இடத்தில் யாரை வைப்பது, யார் குடும்பம் எந்தக் கப்பலில் போவது என்று எல்லாம் அவர் கையில்தான் இருக்கிறதாம். நல்ல மனுஷர்தான், என்னை உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. என் மகனுடைய பெண்டாட்டிக்குப் பதிலாக மகளுக்கு டிக்கெட் வந்திருக்கிறது, எங்கேயோ பிசகு என்றேன். அவர் உன் காகிதத்தைப் பார்த்துவிட்டு, “பிசகில்லா கேட்டோ, இயாள் நாஞ்சில்நாட்டு வெள்ளாளனல்லோ, மருமக்கத்தாயம். அம்மை மரிச்சு போயி, அப்போ குடும்பம்னா பெங்ஙளும் பெங்ஙளுடே பிள்ளையும்” என்றார்.

அதாவது உன் அக்காளும் அவள் பிள்ளையும்தான் உனக்குக் குடும்பமாம் மக்களே. மாமன் சொத்து சகோதரி மகனான மருமகனுக்கு என்றும், பெற்ற அப்பன் பிள்ளைக்கு ஒட்டும் உறவும் இல்லாதவன் என்றும் நம் பக்கத்தில் இருந்த வழக்கத்தைச் சட்டம் போட்டு மாற்றிப் பத்து வருஷமாகிறதே, அதுதானே உன் மாமாவுக்கும் நமக்கும் பகையாகவே முடிந்தது, இது எந்தக் காலத்துப் பேச்சு என்று கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. “நியமம் வேறே, ரூல் வேறே. நியமம் சொத்து பாகத்துக்கு, ரூல் கப்பல் டிக்கெட்டுக்கு” என்றார். ரூல் புத்தகம் அவர் நியமம் என்கிற சட்டத்துக்கு முன்னாலே அச்சடித்தது, புதிது இன்னும் வரவில்லையாம். நீ போகும்போது ஜாதி எழுதுகிற இடத்தில் எழுதிவிட்டு, குடும்பத்தார் என்ற இடத்தைச் சும்மா விட்டிருக்கிறாய். எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று விட்டாயாக்கும். இவர்கள் அந்த இடத்தைப் பழைய வழக்கப்படி நிரப்பியிருக்கிறார்கள். சரி, தகப்பன் நான் சொல்கிறேன், மாற்றி எழுதுங்கள் என்றேன். அப்போது அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. “அச்சன் குடும்பத்தில் சேராது மூத்தவரே. காரணவர் உண்டல்லோ, இயாளுடே மாமன், அயாள் வந்து கையொப்பிட்டா மாற்றலாம். இல்லெங்கில் மகன் பினாங்கிலிருந்து எழுதி, அவிடத்தே ஆபீசர் கையொப்பிட்டு வரணும், அப்போழ் இந்த வருஷத்தே அனுமதி தீர்ந்துபோகும்.” அடுத்த வருஷம் கொடுப்பார்களா என்று கேட்டேன். அது அடுத்த வருஷத்து சூப்பிரண்டுக்குத்தான் தெரியும் என்றார். உன்னைத் தோளில் வைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனவன் நான், சர்க்கார் காகிதத்தில் உனக்கு நான் வழிப்போக்கன்.

வீட்டுக்கு வந்து நடையில் உட்கார்ந்தேன். உலகம்மை துருவித் துருவிக் கேட்டாள், சொன்னேன். அவள் அழுவாள் என்று பார்த்தேன். அவளோ, “அப்ப நானும் உங்க மகனுக்குக் குடும்பமில்லே, நீங்களும் இல்லே. நாம ரெண்டு பேரும் யாராக்கும் மாமா?” என்றாள். பிறகு, “கோட்டாத்துக்குப் போயி அவங்க மாமா வீட்டுக் கதவைத் தட்டுங்க, எனக்காகப் போங்க” என்றாள். அதைக் கேட்டதும் எனக்கு இன்னொரு இடி. உன் மாமா நயினார் பிள்ளை நம் வீட்டு நடையை மிதித்து எத்தனை வருஷம் என்று உனக்கே தெரியும். பாகம் பிரிந்த அன்றைக்கு எழுந்து போனவர், உன் அம்மை இறந்தபோதும் தெருவிலேயே நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்பினார். அவரிடம் போய் நான் என்ன கேட்பது, அதுவும் பழைய வழக்கப்படி அவருக்கு உரிமையுள்ளவள் முத்தாரம்மாள்தானே, சொந்த அக்காள் மகளை விட்டுவிட்டு, வந்த பெண்ணுக்காக ஏன் கையெழுத்துப் போடுவார். இருந்தாலும் காலையில் நாகர்கோவில் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். வழியெல்லாம் என்ன பேசுவது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன், கோட்டாற்றில் இறங்கும்போது ஒன்றும் ஞாபகமில்லை.

உன் மாமா முற்றத்தில் நெல் காயப் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் பார்க்காதவர் போல நெல்லைத் துழாவினார். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவர் நிமிர்ந்து, “சட்டம் வந்தாச்சே அத்தான், அப்பன்மாருக்க ராஜ்யமாச்சே, இப்ப மாமன் எதுக்காக்கும்?” என்றார். நான் தலையைக் குனிந்தேன். “கோடதியில என்னைப் பார்த்து என்ன சொன்னீரு? மாமனுக்கு இனி வீட்டில கூலிக்காரன் மதிப்புகூட இல்லேன்னு சொன்னீரா இல்லியா?” என்றார். அதைச் சொன்னது நான் அல்ல, நம் வக்கீல், ஆனால் அதை இப்போது பேசி என்ன. அவர் மறுபடியும், “சர்க்காரு என்ன சொல்லுது? இன்னொரு தடவை சொல்லும்” என்றார். உம் அக்காள் மகனான அனந்திரவனுக்குக் காரணவர் நீர்தான், உம் கையெழுத்து இல்லாமல் ஒரு துரும்பும் நகராது என்று சர்க்கார் சொல்கிறது என்றேன். அவர் அதை இன்னொரு தடவை கேட்டார். நானும் சொன்னேன். பிறகு உள்ளே போனார். நேரமாகியும் வரவில்லை, கதவைச் சாத்திவிட்டார் என்றே நினைத்தேன். வந்தபோது எனக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. கறுப்புக் கோட்டு, ஜரிகைத் தலைப்பாகை, கையில் வெள்ளிப்பூண் போட்ட பிரம்பு. “வண்டி எப்பம்?” என்றார். மச்சினன் என்ன முடிவு செய்திருக்கிறார் என்று பஸ்ஸில் கேட்கப் பயம். அவரும் ஊர் வந்து சேரும்வரை வெற்றிலையைத் தவிர வேறொன்றுக்கும் வாய் திறக்கவில்லை. நம் வீட்டுக்கும் வரவில்லை, ராத்திரிக்குச் சத்திரத்திலேயே தங்கினார்.

மறுநாள் ஆபீஸில் அவரைக் கண்டதும் வேலாயுதன் பிள்ளை எழுந்து நின்று நாற்காலி போட்டார். எனக்கு எழுந்து நிற்காதவர், நான் அதைக் கவனித்தேன். முத்தாரம்மாளும் உலகம்மையும் வெளியே வராந்தாவில் குழந்தைகளோடு நின்றார்கள், சேஷன் வாசலுக்கும் மேஜைக்குமாக நடந்துகொண்டிருந்தார். “காரணவரே, ஆரு போகணும்?” என்று சூப்பிரண்டு கேட்டார். உன் மாமா தலையைத் திருப்பினார். வெளியே பார்த்தார், முத்தாரம்மாளைப் பார்த்தார், உலகம்மையைப் பார்த்தார். மக்களே, அவர் வாயிலிருந்து ஒரு பெயர் வரும், உன் பெண் இந்த வருஷம் உன்னைப் பார்ப்பதும் பார்க்காததும் அந்தப் பெயரில்தான் இருக்கிறது. அவர் பிரம்பைத் தரையில் ஊன்றி, “எனக்க அனந்திரவன் அங்க கிடந்து வேகாத சோத்தைத் தின்னுகான். முத்தாரம்மை போனா அவளுக்கும் சேர்த்து அவன்தான் பொங்கணும், அவளுக்க சமையலு எனக்குத் தெரியும். கெட்டினவளை அனுப்பும். உலகம்மையையும் அவ பிள்ளையையும் எழுதும்” என்றார். வெளியிலிருந்து முத்தாரம்மாள், “மாமா, நான் வச்ச புளிக்கறியை மூணு தடவை வாங்கித் தின்னது யாராம்?” என்று கத்தினாள். ஆபீஸ் முழுக்கச் சிரித்தது. சேஷன் இரண்டு கையையும் தூக்கிப் பத்மநாபா என்றார்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. பெண்பிள்ளை குழந்தையோடு தனியாகக் கப்பலேற ரூல் இடம் கொடுக்காதாம், காரணவரோ அவர் சொல்கிற ஆளோ கூடப் போய் விட்டுவிட்டு வர வேண்டும், அதற்கும் டிக்கெட் உண்டு என்று சூப்பிரண்டு சொன்னார். உன் மாமாவுக்கு முகம் கறுத்துவிட்டது. “கடலைக் கன்னியாமரியில நின்னு பாத்தாப் போரும், அதுக்க மேல ஏறி இருக்கப்பிடாது” என்றார். பிறகு என் பக்கம் பிரம்பை நீட்டி, “எனக்குப் பதிலா எனக்க அத்தான் போவாரு, எழுதும்” என்றார். நான் படகேறிய தண்ணீரில் பெரியது வள்ளக்கடவு வாய்க்கால். நான் எப்படி என்று வாய் குழறினேன். உன் மாமா குனிந்து என் காதில், “போய்ப் பிள்ளையைப் பாரும் ஓய், நான்தான் அக்காளைக் கடைசியாப் பார்க்காம விட்டேன்” என்றார். அவர் கண்ணைப் பார்க்க என்னால் முடியவில்லை. சூப்பிரண்டு, காரணவரின் பிரதிநிதி என்று எழுதி, என்னிடம் கைநாட்டு மைப் பெட்டியைத் தள்ளினார். நான் அதைத் திருப்பித் தள்ளிவிட்டுப் பேனாவை வாங்கினேன். வேலாயுதன் பிள்ளை நான் முடிக்கும்வரை வேறு காகிதக் கட்டைத் தொடாமல் காத்திருந்தார், நேரமாயிற்றுதான். என் பெயர் சர்க்கார் காகிதத்தில் ஏறியது மக்களே, உனக்கு அப்பனாக இல்லை, உன் மாமாவுக்கு ஆளாக.

முத்தாரம்மாளை நினைத்தால்தான் மனசு கஷ்டப்படுகிறது. அன்று முழுக்க அவள் பெட்டியைத் திறக்கவே இல்லை. ஊரே கூடி அனுப்பிவைத்தது, எந்த முகத்தோடு திரும்பிப் போவேன் என்று அழுதாள். மறுநாள் அவளே, “நீங்க திரும்பி வாறது வரைக்கும் நான் இங்கயே கெடக்கேன், அப்புறம் பினாங்குல வெயிலு ஜாஸ்தி, அதனால திரும்பிட்டேன்னு தெருவில சொல்லிக்கிடலாம். அங்க கடைத்தெரு எப்படி இருக்குன்னு தம்பியை விவரமா எழுதச் சொல்லுங்க” என்றாள். மறக்காமல் எழுது, தெரு, வண்டி, என்னென்ன பழம் என்று எல்லாம் எழுது, அவளுக்கு அது வேண்டியிருக்கிறது. அவள் கொண்டுவந்த சாடியெல்லாம் உனக்குத்தான் வருகிறது. உன் மாமா நம் வீட்டுக்கு வந்து ஒரு வேளை சாப்பிட்டார், யாரும் பழையதைப் பேசவில்லை, போகும்போது பகவதியைத் தூக்கி உச்சி மோந்தார். எங்களுக்குச் சர்க்கார் டாக்டர் அம்மை ஊசி குத்திவிட்டார், என் இடது கை வீங்கியிருக்கிறது, எழுதுகிற கை தப்பியது. கடை முதலாளி, கப்பலில் மிளகு மூட்டையைப் பார்த்தால் எடை போட உட்கார்ந்துவிடாதேயும் என்று கிண்டல் பண்ணுகிறார். பங்குனி பிறந்ததும் கொல்லம் வழியாக ரயிலேறி நாகப்பட்டினத்தில் கப்பல் பிடிக்கிறோம், இந்தக் கடிதம் முந்தின கப்பலில் உன்னிடம் வந்துவிடும் என்று சேஷன் சொல்கிறார். எனக்கு இரவில் சரியாகத் தூக்கம் வரவில்லை, பயம்தான், ஆனால் பாதி பயம் இல்லை, அது என்னவென்று எழுத இன்னும் எனக்கு வார்த்தை வரவில்லை.

நீ நீண்ட ஆயுளோடும் நல்ல பெயரோடும் இருக்க வேண்டும், உன் அம்மை எங்கிருந்தாலும் உன்னைக் காக்கட்டும். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி, ஹோட்டல் சாப்பாட்டை எங்கள் வருகையோடு நிறுத்து. கடைசியாக ஒன்று, இதை மட்டும் மறக்காதே. நாங்கள் வந்து இறங்கும்போது உன் ஆபீஸ்காரர்கள் யாராவது இந்தக் கிழவர் யார் என்று கேட்டால், காகிதத்தில் உள்ளபடி மாமாவின் ஆள் என்றே சொல், வேறு விதமாகச் சொன்னால் டிக்கெட்டுக்குக் கேள்வி வருமாம். குடும்பத்தார் யார் யார் என்று நீ அங்கே எழுதிக் கொடுத்து, ஆபீசர் கையெழுத்திட்டு, அது கடல் தாண்டி இங்கே வந்து சேரட்டும், அதற்கு அவசரமில்லை. நீ வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு தடவை அப்பா என்று கூப்பிட்டால் எனக்குப் போதும்.

இப்படிக்கு,
உன் மாமா நயினார் பிள்ளைக்குப் பதிலாகப் புறப்பட்டு வருகிற
உன் அப்பா
பூதலிங்கம்